திருப்பிப் பார்த்தலும் திருந்திப் பார்த்தலும்

முடிவு தெரிந்துவிட்ட கதையை மீண்டும் ஒருமுறை காண விழைவது மனித மனத்தின் பழைய வழக்கம். அவ்வழக்கம் நன்றா, தீதா என்னும் வினா எளியதாகத் தோன்றினும், சற்றே ஆழ்ந்து நோக்கின் அது அறத்தின் வாயிற்படி வரை நம்மை அழைத்துச் செல்வதாகும். அவ்வினாவை நம் வீட்டுக் கூடத்தில் அன்றாடம் ஒளிரும் தொலைக்காட்சிப் பெட்டியை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம். "தொலைக்காட்சித் தொடருக்கும் அற ஆராய்ச்சிக்கும் என்ன உறவு?" என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இல்லறத்தார் நாள்தோறும் அரைமணி நேரம் எதன்முன் அமர்ந்து கண்ணீர் வடிக்கின்றனரோ, எதனைப் பற்றி மறுநாள் குழாயடியிலும் கடைத்தெருவிலும் பேசுகின்றனரோ, அஃது ஆராய்வதற்கு உரிய பொருளே என்பது நம் கருத்து.

2020 ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. படப்பிடிப்புகள் நின்றன. புதிய பகுதிகள் கிட்டாத நிலையில் தொலைக்காட்சி நிலையங்கள் பழைய பெட்டகங்களைத் திறந்தன. 1987, 1988 ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான இராமாயணத் தொடரை மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் மீண்டும் வழங்கிற்று. தமிழகத்தில் சன் தொலைக்காட்சி, 2002 முதல் 2005 வரை வெளிவந்த 'மெட்டி ஒலி' தொடரை மறு ஒளிபரப்புச் செய்தது. திருமுருகன் இயக்கிய அத்தொடர், தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்து மணம் முடித்துக் கொடுக்கும் சிதம்பரம் என்ற தந்தையின் கதை. முதன்முறை அதனைக் கண்டபோது புதுமணப் பெண்களாக இருந்தோர், மறுமுறை காணும்போது மணப்பருவ மகள்களின் தாயராகிவிட்டிருந்தனர். அவர்களருகே அமர்ந்து, அத்தொடர் வெளிவந்த காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகளும் பார்த்தனர்.

இத்தகைய மீள்பார்வை ஊரடங்கோடு ஒழிந்துவிடவில்லை. 2003 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளுக்கும் மேலாக நீண்ட 'கோலங்கள்' தொடரை இன்று கைப்பேசி வழியே தேடிப் பார்ப்போர் நம் உறவினரிடையே பலர். அவர்களிடம் பேசிப் பார்த்தால் ஒரே செய்தியைத்தான் கூறுவர்: "தொடக்க ஆண்டுகள் போலப் பிற்காலப் பகுதிகள் இல்லை." திருச்செல்வம் இயக்கிய அத்தொடரில், குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேலைக்குச் செல்லும் அபி என்னும் பெண்ணாகத் தேவயானி நடித்த ஆரம்பப் பகுதிகளே அவர்கள் நெஞ்சில் நிற்கின்றன. பின்னாளில் பகையும் சூழ்ச்சியும் நீண்டுகொண்டே போன பகுதிகளை அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நெடுந்தொடர் என்பது பிறந்த இடத்திலேயே வாணிகத்தோடு பிணைந்தது. 1930 களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசியருக்காக அன்றாடத் தொடர் நாடகங்கள் தோன்றியபோது, அவற்றுக்குப் பொருளுதவி செய்தோர் சோப்பு உற்பத்தியாளர்கள். அதனாலேயே அவற்றுக்கு ஆங்கிலத்தில் சோப்பின் பெயரே நிலைத்தது. 1937 இல் வானொலியில் தொடங்கிய 'கைடிங் லைட்' என்னும் தொடர், பின்னர்த் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை நீண்டது. காண்போர் உள்ளவரை விளம்பரம் உண்டு; விளம்பரம் உள்ளவரை கதை முடியலாகாது. தொடக்கத்தில் ஆசிரியர் வகுத்த கதை தீர்ந்தபின்னும் தொடர் ஓடவேண்டியிருப்பதால், நல்லவர் தீயவராவதும், இறந்தவர் மீள்வதும், தீர்ந்த சிக்கல் மீண்டும் முளைப்பதும் நிகழ்கின்றன. ஆகவே தொடக்க ஆண்டுகளை நாடுவோர், கதை கதைக்காகவே நடந்த காலத்தை நாடுகின்றனர் எனலாம். அவர்தம் சுவையுணர்வைக் குறைகூற இடமில்லை.

மீண்டும் காண்பதே குற்றம் என்பாரும் உளர். "தெரிந்த கதையைத் திரும்பப் பார்ப்பது காலத்தை வீணாக்குவதன்றோ?" என்பர். அக்கூற்றை நம் தருமபுரி வட்டாரத்து மக்கள் ஏற்கமாட்டார்கள். இங்குள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் தெருக்கூத்து ஆடும் வழக்கம் தலைமுறைகளாக உள்ளது. பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழ்வான் என்பதை அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவருமில்லை. அறிந்தே வருகின்றனர், விடியும் வரை அமர்ந்திருக்கின்றனர். நம் அதியமான்கோட்டையிலுள்ள சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்தில் இதிகாசக் காட்சிகள் பழைய வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. அண்ணாந்து பார்ப்பவருக்குக் கதையின் முன்னும் பின்னும் ஒரே கூரையில் விரிந்து கிடக்கின்றன. அடுத்து என்ன நிகழும் என்ற ஆவலை அவ்வோவியம் எழுப்புவதில்லை. நிகழ்ந்தது ஏன் நிகழ்ந்தது என்ற சிந்தனையையே எழுப்புகிறது. ஆக, மறுமுறை காண்பது நம் மரபுக்குப் புதிதன்று, இழிவும் அன்று.

ஆயினும் கூத்துக்கும் தொடருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தில் கட்டியங்காரன் என்றொருவன் வருகிறான். அரசனைப் புகழ்ந்து கட்டியம் கூறுபவனும் அவனே. அரசனைக் கேலிசெய்து கேள்வி கேட்பவனும் அவனே. துச்சாதனன் துகில் உரியும் காட்சியில் காண்போர் உருகிக் கரைந்துவிடாதபடி, இடையே ஒரு சொல் வீசி அவர்களை விழிக்கச் செய்பவன் அவன். தொலைக்காட்சித் தொடரில் அவனுக்கு இடமில்லை. அங்கே பின்னணி இசை அழச் சொல்லும்போது அழுகிறோம். சினங்கொள்ளச் சொல்லும்போது சினக்கிறோம். முதன்முறை காண்கையில் கதையின் வேகம் நம்மை இழுத்துச் செல்வதால் வினா எழுப்ப நேரமில்லை. மறுமுறை காண்கையில்தான் அவ்வேகம் தணிந்து, நமக்குள் ஒரு கட்டியங்காரன் எழுந்து நிற்க வாய்ப்புக் கிட்டுகிறது. அவனை எழவிடுகிறோமா என்பதே நம் வினாவின் மையம்.

அவன் எழாவிடில் என்ன தீங்கு என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. இந்தியாவின் முதல் நெடுந்தொடரான 'ஹம் லோக்' 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி 1985 டிசம்பர் வரை ஒளிபரப்பாயிற்று. குடும்ப நலம், பெண்கள் முன்னேற்றம் ஆகிய கருத்துகளைக் கதை வழியே பரப்பும் நோக்குடன், மெக்சிகோ நாட்டு முன்மாதிரியைப் பின்பற்றி அது எடுக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி அன்றைய நிகழ்ச்சியின் படிப்பினையை எடுத்துரைப்பார். கட்டியங்காரனைப் போன்ற ஓர் ஏற்பாடு என்றே சொல்லலாம். அத்தொடரில் பாகவந்தி என்னும் தாய், குடிகாரக் கணவனின் ஏச்சையும் மாமியாரின் இடிச்சொல்லையும் வாய்திறவாமல் தாங்குபவள். பெண் இப்படித் துன்புறலாகாது என்று காட்டவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. ஆனால் பின்னர் ஆராய்ந்தோர் கண்டது வேறு. காண்போருள் கணிசமானோர் பாகவந்தியையே பின்பற்றத்தக்க உத்தமப் பெண்ணாகக் கொண்டிருந்தனர். மருந்தென்று கொடுத்ததை அவர்கள் விருந்தென்று உண்டனர். படைத்தவர் கருத்து ஒன்றாக இருக்க, கண்டவர் மனம் தான் முன்பே நம்பியதைக் கதையில் கண்டுகொண்டது.

'மெட்டி ஒலி'யில் வரும் சரோஜாவை எண்ணிப் பாருங்கள். மாமியார் இராஜத்தின் கடுமையைத் தாங்கிக்கொண்டு வாழும் மருமகள் அவள். அவளுக்காகத் தமிழகமே அழுதது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தாயா, எவ்வளவு பொறுமை! பெண் என்றால் இப்படியன்றோ இருக்க வேண்டும்" என்று அருகிலிருந்த மருமகளிடம் சொன்ன வீடுகளும் இருந்தன. திரையில் கொடுமை செய்பவளை வெறுத்துக்கொண்டே, திரைக்கு இப்பால் அக்கொடுமைக்குத் துணைபோகும் அறிவுரையை வழங்க மனிதரால் முடிகிறது. கண்ணீர் இரக்கத்தின் அடையாளமே; எனினும் இரக்கத்தின் நிறைவு அன்று. அழுத பின்னும் நம் நடத்தை மாறவில்லை எனின், பிறர் துயரத்தைச் சுவைத்தோம் என்பதன்றி வேறென்ன சொல்ல இயலும்?

மறு ஒளிபரப்பின்போது பேத்தியர் எழுப்பும் வினா ஒன்றே: "அவள் ஏன் அங்கேயே இருந்தாள்? பிறந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதானே?" அதற்குப் பெரியோர் கூறும் விடையும் ஒன்றே: "அந்தக் காலம் அப்படி." இவ்விடையைச் சற்றே சோதித்துப் பார்ப்போம். வரதட்சணைத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது 1961 இல். மருமகளைக் கணவனும் அவன் உறவினரும் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் 498அ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1983 இல். 2024 ஜூலை முதல் அது புதிய குற்றவியல் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் வகுத்தது 1989 இல். இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களாகிய நமக்கும் பொருந்துவதே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005 இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதாவது, அத்தொடர் தொடங்கிய 2002 இல் வரதட்சணை கேட்பது குற்றமாகி 41 ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. எனவே "அந்தக் காலம் அப்படி" என்பது முழு உண்மையாகாது. அந்தக் காலம் வேறுவிதமாகவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கும் செவிகள்தாம் குறைவு. காலத்தின்மீது பழியை ஏற்றுவது எளிது. அதற்கு வாயில்லை, மறுத்துப் பேசாது.

அவ்வாறாயின் பழைய தொடர்களெல்லாம் மூடத்தனத்தின் குப்பை என ஒதுக்கிவிடலாமா? இளையோர் சிலர் அவ்வாறு கருதுகின்றனர். அதுவும் நீதியன்று. இங்கே நம் மாவட்டத்தின் துயரமான வரலாறு ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்கத் தமிழக அரசு 1992 இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001 இல் அத்திட்டம் தருமபுரி உள்ளிட்ட வேறு சில மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி" என்னும் பழமொழி, சொல்லாக மட்டும் நில்லாமல் பச்சிளம் உயிர்களைப் பறிக்கும் கருவியாகவும் ஆகியிருந்த மண் இது. அடுத்த ஆண்டே, துல்லியமாக ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தந்தை தமிழகத்து வீடுகளுக்குள் திரைவழியே நுழைந்தார். ஐவரில் ஒருத்தியையும் அவர் பாரமென்று வெறுக்கவில்லை. மனைவியை இழந்தும் அவர்களுக்குத் தாயுமானார். உயிர்க்கொலையை ஒழிக்க விரும்பும் எவரும் அந்தத் தந்தையின் வருகையை அற்பமாகக் கருத இயலாது.

பாருங்கள், ஒரே பாத்திரத்தில் இரண்டும் உள்ளன. பெண்மக்களை உயிரினும் மேலாகப் போற்றிய தந்தை. அவர்களை மணவாழ்க்கையில் அனுசரித்துப் போகச் சொல்லி, சம்பந்தி வீட்டில் பணிந்து நிற்கும் தந்தை. முதன்முறை பார்த்தவர் பெரும்பாலும் முன்னதையே கண்டனர். இன்று பார்க்கும் இளையோர் பின்னதையே காண்கின்றனர். ஒருபக்கம் மட்டும் உண்மை எனப் பிடிவாதம் கொள்வது தெளிவாகாது என்பதை நம் சமய நெறியும் அநேகாந்தம் என்னும் பெயரால் கற்பித்துள்ளது. புகழத்தக்கதைப் புகழ்ந்து, விலக்கத்தக்கதை விலக்கி, இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இருப்பதே நடுவுநிலை. அந்நடுவுநிலைக்கு மறுமுறைக் காட்சி துணைசெய்யும். ஆனால் தானாகவே அதைத் தந்துவிடாது.

ஏன் தந்துவிடாது எனின், மறுமுறை காண்போர் பலர் தேடுவது கதையை அன்று. கதையைக் கண்ட நாளைத் தேடுகின்றனர். முகப்புப் பாடல் ஒலித்தவுடன், அடுப்பை அணைத்துவிட்டு வந்தமர்ந்த மாமியாரும், கட்டிலில் சாய்ந்தபடி பார்த்த தகப்பனாரும், வீட்டுப்பாடத்தை மூடிவைத்த பிள்ளைகளும் நினைவில் எழுகின்றனர். அவர்களுள் பலர் இன்று இல்லை. பிள்ளைகள் வெளியூர்களில் உள்ளனர். 'மெட்டி ஒலி'யில் விஜியாக நடித்த உமா மகேசுவரி 2021 இல் நாற்பது வயதளவில் காலமானார். திரையிலோ அவர் அன்றிருந்தபடியே சிரிக்கிறார், அழுகிறார். மாறுவன மாறியபின்னும் மாறாத உருவைக் காட்டும் கண்ணாடியாக அத்திரை விளங்குகிறது. அதன்முன் நெஞ்சு நெகிழ்வது இயல்பே. அதனை எள்ளுவோர் வாழ்வின் நிலையாமையை அறியாதவர். எனினும் நெகிழ்ச்சி பற்றாக இறுகிவிடுமானால், "அன்று எல்லாம் நன்றாக இருந்தது" என்னும் மயக்கம் பிறக்கும். அன்று அழுத சரோஜாக்களை அம்மயக்கம் மறைத்துவிடும். நம் இளமைமீது நாம் கொண்ட பற்று, அவ்விளமைக் காலத்தில் பிறர்பட்ட துன்பத்தை இனிய நினைவாகப் பூசிவிடலாகாது.

பழையதை அணுகும் முறைக்கு, நம் ஊரின் பெயருக்கு உரிய அதியமான் மரபிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. போளூர் அருகிலுள்ள திருமலைக்கு நம்மவர் அனைவரும் சென்று வழிபட்டிருப்போம். எழினி என்னும் முன்னோன் அருகன் மலையில் செய்துவைத்த இயக்கன், இயக்கியர் திருவுருவங்கள் காலப்போக்கில் சிதைந்திருந்தன. தகடூரை ஆண்ட அவ்வழியில் தோன்றிய விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்து மீண்டும் எழுந்தருளச் செய்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அவன் முன்னோர் புகழை எண்ணி மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. சிதைவைச் சிதைவென்று கண்டான், கண்டபின் செப்பனிட்டான். சிதைவைக் காணாத அன்பு குருட்டன்பு. சிதைவை மட்டும் கண்டு கைவிட்டுச் செல்வதோ நன்றி கொன்ற செயல். இரண்டுக்கும் இடைப்பட்டது செப்பனிடும் பார்வை.

பள்ளிகளில் 'திருப்புதல்' என்றொரு சொல் வழங்குகிறது. ஆண்டு இறுதியில் பாடங்களை மீண்டும் நடத்துவதற்கு அப்பெயர். திருப்புதல் என்பது முதல் பக்கத்திலிருந்து மீண்டும் ஒப்பிப்பதன்று என்று ஆசிரியப் பயிற்சியில் கற்பிப்பர். முன்பு மாணவன் எங்கே தவறினான், எதைப் புரியாமலே மனப்பாடம் செய்தான் என்று கண்டறிந்து அங்கே நிறுத்துவதே திருப்புதல். நெடுந்தொடர்களின் தொடக்க ஆண்டுகளை மீண்டும் காண்போருக்கும் அம்முறையே பொருந்தும்.

ஆகவே, மறுமுறை காணும்போது மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம். இக்காட்சியில் பேசாமல் நிற்பவர் யார்? அவருடைய பொறுமையால் பயனடைபவர் யார்? இவர்களைப் போன்றோர் இன்று நம் வீட்டில் எந்த அறையில் இருக்கின்றனர்? மூன்றாவது வினாவுக்கு விடை தேடும்போது தொலைக்காட்சியை அணைக்க வேண்டி வரலாம், அணைப்பதும் நன்றே. மாமியாரும் மருமகளும் பேத்தியும் ஒன்றாக அமர்ந்து காணும் வீடுகளில், "அவள் ஏன் அங்கேயே இருந்தாள்?" என்ற வினாவை அடக்கிவிடாமல், அதற்கு ஒவ்வொருவரும் மனந்திறந்து விடை கூறட்டும். இருபது ஆண்டுகளாகச் சொல்லப்படாத ஏதோ ஒன்று அப்போது சொல்லப்படவும் கூடும். கேட்பவர் பொறுமையோடு கேட்கட்டும். பொறுமையின் சுமையைப் பேசுபவர்மீதே என்றும் ஏற்றிவைத்தல் முறையாகாது.

மறுமுறை காண்பதால் மட்டும் ஒருவர் உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை. அதே கதையை அதே கண்ணால் காண்பவர் பழைய கண்ணீரையே மீண்டும் வடிக்கின்றனர். அதற்கு அரைமணி நேரம் போதும். அதே கதையை வேறு கண்ணால் காண்பவர், தம் வீட்டில் ஒருவர் கண்ணீர் வடியாதபடி செய்ய வல்லவர் ஆவர். அதற்கு எஞ்சிய இருபத்து மூன்றரை மணி நேரமும் தேவைப்படும். திருப்பிப் பார்ப்பது திருந்திப் பார்ப்பதாக அமையுமாயின், தொடருக்கு முடிவு இல்லாவிடினும் துன்பத்திற்கு ஒரு முடிவு உண்டாகும்.